சென்னை ஜார்ஜ் டவுனில் இரண்டு இரவு: அறை பழைய வீட்டிலா, பின்கட்டிலா என்று கேட்டு வாங்குங்கள்

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அறைக்கு ஒரு இரவு 14,000 ரூபாய். அறை வாடகை 7,500-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 16,520. நாங்கள் எடுத்தது இரண்டு அறை, இரண்டு இரவு, மொத்தம் 66,080. காலை டிபன் இதற்குள் அடக்கம், இரவுச் சாப்பாடு தனி. நானும் பெங்களூரில் இருக்கும் தம்பியும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள், இந்தத் தொகையை வேறு எதற்கும் செலவு செய்யும் மனசு எங்களுக்கு வந்திருக்காது.

ஹோட்டலின் பெயரைப் போடவில்லை. குறைகளை மேலாளரிடம் நேரில் உட்கார்ந்து பேசிவிட்டேன், சரி செய்கிறோம் என்று மின்னஞ்சலிலும் எழுதியிருக்கிறார், அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பதுதான் முறை. ஆனால் நான் சொல்லப்போவது பழைய வீட்டைப் புதுப்பித்து ஹோட்டல் ஆக்கிய எந்த இடத்துக்கும் பொருந்தும். பாண்டிச்சேரிக்கோ காரைக்குடிக்கோ இப்படி அறை போடுகிறவர்களும் படித்துவிட்டுப் போடலாம்.

ஏன் ஜார்ஜ் டவுன் என்று எல்லோரும் கேட்டார்கள். கல்யாண நாளுக்கு மகாபலிபுரம் பக்கம் கடலைப் பார்த்த ரிசார்ட் எத்தனையோ இருக்கிறதே, பாரிமுனையில் போய் யாராவது தங்குவார்களா என்று அத்தை போனிலேயே சண்டை போட்டார். காரணம் அப்பாதான். ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் 1981-இல் கணக்கெழுதச் சேர்ந்து 2014 வரைக்கும் அங்கேயே இருந்தவர். முப்பத்து மூன்று வருடம் காலையில் போய் ராத்திரி திரும்பிய இடம், ஆனால் ஒரு நாள்கூட அங்கே தூங்கியதில்லை, ஒரு நாள்கூட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா நடந்ததில்லை. அம்மாவுக்கு ஆண்டர்சன் தெரு என்றால் எங்கள் கல்யாணப் பத்திரிகை வாங்கப் போன இரண்டு நாள்தான். அந்தப் பேட்டையிலேயே பழைய வியாபாரி வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வேறு எந்த இடமும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியம் காரில் போகாதீர்கள். 'வாசல் வரைக்கும் கார் வரும்' என்று போனில் சொன்னார்கள், வரும்தான், ஆனால் தம்பு செட்டித் தெரு முனையிலிருந்து வாசலுக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. முன்னால் ஒரு மீன்பாடி வண்டியில் இரும்புக் குழாய், பக்கத்தில் டெம்போவிலிருந்து அட்டைப் பெட்டி இறங்குகிறது, பின்னால் இருப்பவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அங்கேயே தலைவலி வந்துவிட்டது. மெட்ரோவில் வந்து மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ இறங்கிவிட்டு ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டால், பெட்டியை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புகிறார்கள். இதை முன்பதிவு செய்யும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பிறகுதான் சொன்னார்கள்.

உள்ளே கால் வைத்ததும் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் மிகையாகத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு முகம் சிறியது, உடம்பு நீளம். தெருவில் பார்த்தால் இருபதடிக்குள் அடங்கும் வாசல், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டின் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் உள்ளே போகப் போக முதல் கட்டு, முற்றம், இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். திண்ணையைத் தாண்டி, தலை குனிந்து போகவேண்டிய ஒரு கதவைத் தாண்டி, முற்றத்துக்குள் வந்து நின்றபோது தெருச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாம் கட்டுக்குப் போனபோது சத்தமே இல்லை. நாற்பது அடி தூரம்தான். கண்ணாடி ஜன்னலோ வேறு ஏற்பாடோ ஒன்றும் இல்லை, அந்தக் காலத்துச் சுவர்தான் அந்த வேலையைச் செய்கிறது.

முற்றத்துக்கு மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் கூரையோ போடாமல் வானம் பார்க்க விட்டிருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்த ஆர்க்கிடெக்டைக் கையெடுத்துக் கும்பிடலாம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆகஸ்டு மழை ஒன்று திடீரென்று இறங்கியது. நான்கு பக்கமும் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கொட்ட, எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு தூண்களுக்குப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். முற்றத்து மூலையில் இருந்த பழைய கல் தூம்பு ஒரு சொட்டுத் தேங்கவிடாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டது. அம்மா அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. அவர் பிறந்த சிதம்பரம் வீட்டில் முற்றம் இருந்தது, அதை விற்று வருடம் முப்பது ஆகிறது.

அப்பா வந்ததிலிருந்து மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே கூப்பிட்டுக் காட்டினார். கூரையில் கைப்பிடி அகலத்துக்குத் தேக்கு விட்டங்கள் நெருக்கமாக வரிசையாக ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிற்கவைத்து, கோணலாக, ஒன்றோடொன்று சுண்ணாம்பில் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். கீழே முட்டு கொடுக்காமலேயே மூலையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்களாம், சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும் வரைக்கும் முந்தின வரிசைதான் அடுத்ததற்குத் தாங்கல். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு கனமான தளம். அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள்.

கணக்கெழுதியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். அவர் வேலை பார்த்த கடையின் கிடங்கும் இதே மாதிரி கூரைதான். மழைக்காலத்துக்கு முன்னால் வருடா வருடம் முதலாளி மேஸ்திரியை வரவழைத்துத் தளத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்வாராம். ஒரு வருடம் தள்ளிப்போட்டதில் விட்டத்தின் சுவருக்குள் செருகிய முனை இற்றுப்போய், ஒரே ராத்திரியில் நூற்றுக்கும் மேல் ரீம் காகிதம் நனைந்து வீணானது. அந்த நஷ்டத்தைப் பேரேட்டில் எழுதியவர் அப்பா. 'தண்ணி எப்பவும் விட்டத்தோட முனையிலதாம்மா உட்காரும், நடுவுல இல்ல' என்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

இந்த வீட்டையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் காலத்தில் கீழே துறைமுகச் சரக்கு கிளியரிங் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகம், மாடியில் மருந்துக் கிடங்கு. பில்லைக் கொடுக்க இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறாராம். அப்போது முற்றம் முழுக்கத் தகரம் போட்டு மூடி, உள்ளே பகலிலேயே ட்யூப்லைட் எரியும் என்றார்.

சரி, குறைக்கு வருகிறேன்.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் படம் எல்லாமே விட்டமும் முற்றமும் உள்ள அறைகளின் படம். மொத்தம் பதினொரு அறை, அதில் ஆறுதான் பழைய வீட்டில். மீதி ஐந்தும் இரண்டாம் கட்டுக்குப் பின்னால் புதிதாக எழுப்பிய கான்கிரீட் கட்டடத்தில். வாடகை ஒன்றுதான், முன்பதிவுப் பக்கத்தில் எந்த இடத்திலும் இந்த வித்தியாசம் இல்லை. அப்பா அம்மாவுக்குப் பழைய வீட்டில் மாடி அறை கிடைத்தது. என்னை அழைத்துப்போனது பின்கட்டுக்கு. சுத்தமான அறை, நல்ல மெத்தை, தரையில் ஆத்தங்குடி கல், சுவரில் பழைய துறைமுகப் படம். மேலே நிமிர்ந்தால் ஃபால்ஸ் சீலிங். ஜன்னலைத் திறந்தால் நான்கடி தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவரும் ஏசி மெஷின்களும். இதே அறை எழும்பூரில் ஐயாயிரத்துக்குக் கிடைக்கும், குறை சொல்லவும் தோன்றாது. 14,000 கொடுக்கிறவர் மெத்தைக்குக் கொடுக்கவில்லை, அந்தச் சுவருக்கும் கூரைக்கும் கொடுக்கிறார்.

ரிசப்ஷனில் போய்க் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். 'மேடம், ரெண்டும் ஒரே கேட்டகரிதான், அந்த ப்ளாக்கில் பாத்ரூம் பெரிசு' என்றார். உண்மைதான், பெரியது. ஆனால் நான் பாத்ரூமுக்காக வரவில்லையே. மேலாளர் வந்து, இரவுச் சாப்பாட்டு பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்றார். அது வேண்டாம், நாளை ஞாயிறு, வார இறுதிக்கு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், பழைய வீட்டில் எது காலியாகிறதோ அதைக் கொடுங்கள், அப்புறம் எந்த அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று முன்பதிவுப் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள், அது போதும் என்றேன். முதலாவதைச் செய்தார்கள். இரண்டாவது நான் இதை எழுதும் நாள் வரை நடக்கவில்லை.

அதனால் இரண்டு கட்டடத்திலும் ஒவ்வொரு இரவு தூங்கி எழுந்து பார்த்துவிட்டேன். பின்கட்டில் ஏசியை அணைத்தால் பதினைந்து நிமிடத்தில் புழுங்குகிறது. பழைய அறையில் ராத்திரி பதினொன்றுக்கு ஏசியை அணைத்துவிட்டு, மேலே இருக்கும் சின்ன வெண்டிலேட்டரைத் திறந்துவைத்துக் காலை வரை ஃபேனில் தூங்கினேன், ஆகஸ்டு மாதத்தில். சுவர் இரண்டடிக்குக் குறையாது. உயரம் பதினான்கு அடி இருக்கும், சூடு மேலே போய்த் தங்கிக்கொள்கிறது. சுவருக்கு மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, பூச்சு மேல் பூச்சாகப் போட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் பழைய முறை. கையை வைத்தால் பளிங்கைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கிறது. இப்போது முட்டை சேர்த்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, கேட்டதற்கு அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் அங்கேயும் ஒரு இடத்தில் அவசரப்பட்டிருக்கிறார்கள். அப்பா அம்மா அறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரில், இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு பூசி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், அதன் மேல் சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடம் வேறு. அப்பா அதைப் பார்த்து வருத்தப்பட்டதுபோல வேறு எதற்கும் வருத்தப்படவில்லை. இதை மேலாளரிடம் சொன்னது அவர்தான், பத்து நிமிடம் நின்று பொறுமையாகச் சொன்னார். மேலாளர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. பழைய வீட்டில் லிஃப்ட் இல்லை, வைக்கவும் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மாடிப்படி செங்குத்து, இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றும் முழங்கால் பாதிக்கு வரும். அம்மாவுக்கு மூட்டு வலி. ஏறும்போது ஒரு பக்கம் மரக் கைப்பிடி, இன்னொரு பக்கம் பிடிக்க ஒன்றும் இல்லை. மூன்று வேளை ஏறி இறங்கியதில் ஞாயிறு சாயங்காலம் முட்டி வீங்கிவிட்டது. தரைத்தளத்தில் முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு அறை இருக்கின்றன. அறுபது தாண்டியவர்கள் வருகிறார்கள் என்று முன்பதிவில் எழுதியிருந்தேன். எழுதியதை யாரும் படிக்கவில்லை, அல்லது படித்தும் கொடுக்கவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அறையையும் ஆளையும் பொருத்துவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

சாப்பாடு. காலை டிபனில் வடகறி வைக்கிறார்கள், சைதாப்பேட்டைக் கடைகளில் கிடைப்பதற்குக் கிட்டே வரும் ருசி, சோம்பு தூக்கலாக, எண்ணெய் மிதக்காமல். அதைச் செய்த மாஸ்டரைச் சமையலறை வாசலில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். காபி பித்தளை டபராவில், திக்காக, சூடாக. இட்லி மட்டும் பஃபே பாத்திரத்தில் கிடந்து ஆறிப்போயிருந்தது, பதினொரு அறைதானே, கேட்கக் கேட்க வேகவைத்துக் கொடுக்கலாம். இரவு மெனுவில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் இருந்தது, 520 ரூபாய். நன்றாகவே இருந்தது. ஆனால் நடந்து போகும் தூரத்தில், அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த அதே அத்தோவைத் தள்ளுவண்டியில் பிசைந்து கொடுக்கிறார்கள். வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் நசுக்கிய மிளகாயும் கையாலேயே பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் வைப்பார்கள், தீரத் தீர ஊற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு நாங்கள் அங்கேதான் சாப்பிட்டோம். அம்மா முதல் தடவை சாப்பிடுகிறார், இரண்டு கிண்ணம் சூப் குடித்தார்.

நிஜமாக இந்த இரண்டு நாளின் உயிர் ஞாயிறு காலைதான். ஹோட்டலில் ஹெரிடேஜ் வாக் என்று தலைக்கு 1,500 வாங்குகிறார்கள். நாங்கள் எடுக்கவில்லை. ஆறரை மணிக்கு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நானும் அம்மாவும் பின்னால். ரிசப்ஷனில் இரவு வேலை முடிந்து நின்றுகொண்டிருந்த ஒரு பையன், செய்யாறு பக்கம், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், 'சார், நானும் வரலாமா' என்று கேட்டு எங்களோடு சேர்ந்துகொண்டான். சென்னையில் ஜார்ஜ் டவுன் சும்மா இருக்கும் ஒரே பொழுது அதுதான். ஷட்டர் எல்லாம் இறங்கி, தெரு அகலமாகத் தெரிகிறது, மாடிகள் தெரிகின்றன, மாடியில் மர ஜன்னலும் சுதை வேலையும் தெரிகின்றன. மற்ற நாளில் நிமிர்ந்து பார்த்தால் வண்டி மோதிவிடும்.

காளிகாம்பாள் கோயிலில் முதலில் கும்பிட்டோம். 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்லும் சேதியை அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியார் சுதேசமித்திரனில் இருந்த காலத்தில் இங்கே வந்துபோவார் என்பார்கள். அப்பாவுக்கு அந்தக் கோயில் சம்பள நாள் கோயில். ஒன்றாம் தேதி சம்பளத்தை வாங்கியதும் கவரைப் பிரிக்காமல் அம்மன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். அதை அவர் சொன்னதும் அம்மா, 'அதான் ஒண்ணாந்தேதி மட்டும் நெத்தியில குங்குமம் இருக்கும்' என்றார். நாற்பது வருடம் கழித்து ஒருவருக்கொருவர் புதிதாகச் சொல்ல ஒன்று கிடைத்தது அவர்களுக்கு.

அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் சர்ச். இப்போது நிற்கும் கட்டடம் 1772-இல் கட்டியது. ஆர்மீனியர்கள் அநேகமாக யாரும் ஊரில் இல்லை, வழக்கமான வழிபாடும் கிடையாது, ஆனால் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இன்னும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பார்கள். அந்த மணியை அப்பா இதுவரை கேட்டதில்லை. ஞாயிறு அவருக்கு விடுமுறை. நாங்கள் திரும்பி வந்து டிபன் முடித்துக்கொண்டு, அதைக் கேட்பதற்காகவே மறுபடியும் ஒரு நடை போய் நின்றோம்.

உயர் நீதிமன்ற மதிலோரம் நடக்கும்போது செய்யாறு தம்பிக்கு எம்டன் கதை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் கடலில் நின்று குண்டு வீசியதும், துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும், ஒரு குண்டு இந்த மதிலில் விழுந்ததற்கு இங்கேயே கல்வெட்டு இருப்பதும். 'எங்க ஊர்ல பாட்டி எங்க தாத்தாவ எமடன்னுதான் திட்டும், அது இந்தக் கப்பலா சார்' என்று அவன் கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்தைக் காட்டி, மெரினாவில் இப்போதைய கலங்கரை விளக்கம் 1977-இல் வரும் வரைக்கும் கப்பலுக்கு வெளிச்சம் அங்கிருந்துதான் போனது என்று அப்பா சொன்னார். அவன் போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். விருந்தினர்கள் கேட்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை சார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றான்.

கடைசியில் ஆண்டர்சன் தெரு. கடை இருக்கிறது, முதலாளியின் பேரன் நடத்துகிறார், ஷட்டர் இறங்கியிருந்தது. அப்பா அதன் முன்னால் நின்று ஷட்டரின் கீழ்ப் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'இதே பூட்டுதான்' என்று மட்டும் சொன்னார். நான் படம் எடுக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து வேண்டாம் என்றார்.

இந்தக் காலையைப் பார்த்த பிறகுதான் ஹோட்டலின் சுவர்களில் எனக்கு என்ன குறைகிறது என்று புரிந்தது. பழைய துறைமுகப் படம், கோட்டைப் படம், டிராம் வண்டிப் படம் எல்லாம் அழகாக ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. யார் கட்டினார்கள், என்ன வியாபாரம், எப்போது அலுவலகமானது, தகரத்தை எப்போது எடுத்தார்கள், தளத்தைத் திரும்பப் போட்ட மேஸ்திரி யார். வயதைக் கேட்டால் ரிசப்ஷனில் நூற்றைம்பது வருடம் என்கிறார்கள், சாப்பாட்டு அறையில் இருநூறு என்கிறார்கள். பத்திரம் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. புதுப்பிக்கும்போது எடுத்த படங்கள் இருக்கத்தான் செய்யும். அந்தத் தளத்தை உட்கார்ந்து அடித்த பெண்களின் படம் ஒன்று மாட்டினால் நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

பில்லில் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் சேவை கட்டணம் என்று 10 சதவீதம் தானாகவே சேர்ந்திருந்தது. அப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்றேன், மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். அந்தப் பணத்தை வடகறி மாஸ்டருக்கும் எங்களோடு நடந்த தம்பிக்கும் கையிலேயே கொடுத்தோம்.

வேலை பார்க்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முட்டி வீங்கியதைப் பார்த்துக் கேட்காமலேயே வெந்நீர்ப் பை கொண்டுவந்தார்கள், திங்கள்கிழமை காலை டிபனை மாடி அறைக்கே அனுப்பினார்கள். குறை எல்லாம் திட்டம் போட்டவர்கள் பக்கம்.

பொங்கலுக்கு முன்னால் தம்பி ஊருக்கு வருகிறான், அவனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். இந்தத் தடவை ஒரே இரவுதான், சனிக்கிழமை வந்து ஞாயிறு மணிச் சத்தம் கேட்டுவிட்டுக் கிளம்புவதாக. தரைத்தளம், முற்றத்தைப் பார்த்த இரண்டு அறை, அறை எண்ணை எழுதி அனுப்பினால்தான் முன்பணம் என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். நேற்று பதில் வந்தது, எண்ணோடு.